ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி பேஸும் அதன் ஐந்தாவது கம்பியும்

கோலாலம்பூர்க் கல்யாண விருந்துகளில் வாசிக்கும் இன்னிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார்காரருக்கு ஒரு நிரந்தரத் தொல்லை உண்டு. பாட்டை மூன்று கட்டையில் பழகியிருப்பார். மேடையேறியதும் பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு கட்டையில வச்சுக்கலாமா அண்ணே?" என்பார். மூன்று கட்டை என்பது இ சுரம். நான்கு கம்பி பேஸில் ஆகக் கீழே கிடைப்பதும் அதுதான். ஒரு கட்டையான சி சுரம் அதற்கும் கீழே இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஒரு ஸ்தாயி மேலே போய் சி வாசிக்க வேண்டும். பாட்டு கீழே இறங்க, பேஸ் மட்டும் மேலே ஏறும். பாட்டின் அடித்தளமே காணாமல் போய்விடும்.

ஐந்து கம்பி பேஸில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் இ கம்பிக்கும் கீழே ஒலிக்கும் பி கம்பி ஒன்று கூடுதலாக உண்டு. அந்தக் கம்பியின் முதல் ஃபிரெட்டிலேயே (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சி இருக்கிறது. அப்படியிருந்தும், விலை குறைந்த ஐந்து கம்பி பேஸ் வாங்கிய பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: மற்ற நான்கு கம்பிகளும் நன்றாகப் பேசுகின்றன, ஐந்தாவது கம்பி மட்டும் தொளதொளவென்று உறுமுகிறது. மலிவான கருவி என்பதால் அப்படி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் விலை அல்ல, இயற்பியல்.

ஒரு கம்பியின் சுரத்தை அதன் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. பிரான்ஸைச் சேர்ந்த துறவி மெர்சென் 1636இலேயே இதை விதிகளாக எழுதிவைத்துவிட்டார். இ கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது, பி கம்பி கிட்டத்தட்ட 31 முறை. அதாவது நாலுக்கு மூன்று. நீளத்தையும் இழுவிசையையும் மாற்றாமல் இவ்வளவு கீழே இறங்க வேண்டுமானால் எடை ஏறக்குறைய 1.8 மடங்காக வேண்டும். அதற்குக் கம்பியின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும்.

இனி கடையில் கிடைக்கும் கம்பிகளைப் பார்ப்போம். வழக்கமான செட்டில் இ கம்பி 105, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 105 பங்கு. கணக்குப்படி பி கம்பி 140 இருக்க வேண்டும், ஆனால் உறையில் இருப்பது 130. எடை போதாததால், சுரத்தைப் பிடிக்க இழுவிசையைக் குறைத்தாக வேண்டும். இ கம்பி சுமார் 18 கிலோ விசையில் விறைத்து நிற்க, பி கம்பி சுமார் பதினைந்தரை கிலோவோடு நின்றுவிடுகிறது. தொளதொளப்பு இங்கேதான் பிறக்கிறது. தளர்ந்த கம்பி அகலமாக ஆடி ஃபிரெட்டில் மோதுகிறது. ஓங்கி அடித்தால் அந்த நொடியில் கம்பி நீண்டு, சுரம் கொஞ்சம் மேலே எகிறிப் பிறகு இறங்குகிறது. அதனால் பி கம்பியை மென்மையாக, பிரிட்ஜ் (உடல்பகுதியில் கம்பிகள் தங்கும் பாலம்) பக்கம் தள்ளி வாசிப்பது நல்லது. சத்தத்தை ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பார்த்துக்கொள்ளும்.

விலை கூடிய சில பேஸ்களில் கம்பியின் நீளம் 34 அங்குலத்துக்குப் பதில் 35. ஐந்து கம்பி என்றாலே 35 வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், அந்த ஓர் அங்குலம் தருவது 6 சதவீதம். அதே 34 அங்குலத்தில் 130க்குப் பதில் 135 கம்பி மாட்டினால் 8 சதவீதம் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வேறு கருவி வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கம்பியை மாற்றிப் பாருங்கள் என்பேன். நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் துண்டு) பள்ளத்தை மட்டும் லேசாக அராவ வேண்டியிருக்கலாம்.

அப்படியானால் 140, 145 என்று ஏற்றிக்கொண்டே போகலாமே? முடியாது. பருத்த கம்பி விறைப்பானது. விறைப்பு கூடக் கூட அதன் மேல்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தின் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வில் கூடவே ஒலிப்பவை, சரியான இடத்தை விட்டு மேலே நழுவும். இதைக் குறைக்கத்தான் பேஸ் கம்பியை ஒரே உருக்குக் கோலாகச் செய்யாமல், மெல்லிய உள்கம்பியின் மேல் சுற்றுச் சுற்றாகக் கம்பி சுற்றிச் செய்கிறார்கள். எடை கூடும், விறைப்பு அந்த அளவுக்குக் கூடாது.

மேல்சுரம் கொஞ்சம் நழுவினால் என்ன என்று விட்டுவிட முடியாது. வீட்டில் வைத்துப் பழகும் சின்ன ஆம்பின் ஸ்பீக்கரால் 31 அதிர்வை ஒழுங்காகத் தரவே முடியாது. ஆனாலும் நமக்கு பி கேட்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வருவது 62, 93, 124 என்ற மேல்சுரங்கள். அவற்றுக்கு இடையே ஒரே சீராக 31 இருப்பதைப் பிடித்துக்கொண்டு, வராத சுரத்தை மூளையே கட்டி எழுப்புகிறது. செவியின் இந்தத் திறமையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்புதான். ஆக, பி கம்பியின் உயிர் அதன் மேல்சுரங்களில் இருக்கிறது. அவை தெளிவாக இல்லாதபோது ஆம்பின் பேஸ் குமிழை முழுதாகத் திருகினாலும் உறுமல்தான் கூடும். நடு ஒலிப்பகுதிக்கான (மிட்) குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் சுரம் வெளியே வரும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் மேல்சுரங்கள் சீக்கிரம் செத்துவிடுகின்றன. வியர்வையும் அழுக்கும் துருவும் சுற்றுகளின் இடுக்கில் சேர்ந்து நுண்ணிய அதிர்வுகளை விழுங்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைப்பது, கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து, கட்டாயம்.

பிக்கப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் காந்தத்தைச் சுற்றியுள்ள சுருள், பேஸ் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிறது. கூடவே சுவரில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறது. மலேசியாவில் அது 50 அதிர்வு. இ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் உள்ள ஜி சுரம் 49. அதனால் ஜி நீண்டு ஒலிக்கும்போது இரைச்சலும் சுரமும் உரசி மெல்ல அலையடிக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு உள்ள பேஸ்களில் பெரும்பாலும் ஒன்றின் சுருளையும் காந்தத்தையும் தலைகீழாக அமைத்திருப்பார்கள். இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இசை மட்டும் மிஞ்சும்.

கடைக்குப் போகிறவர்கள் திறந்த இ கம்பியை ஒருமுறை மீட்டுங்கள். அப்புறம் பி கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டை மீட்டுங்கள். இரண்டும் ஒரே இ சுரம். பின்னது சற்று மந்தமாகத்தான் இருக்கும், ஆனால் சுரம் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் புதுக் கம்பி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் அடுத்த பேஸைக் கையில் எடுங்கள்.