மூலிகை உடம்பில் எங்கே வேலை செய்கிறது?

இடுப்புச் சுற்றளவு கூடுதல், ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-ஐத் தொடுவது, நல்ல கொலஸ்ட்ரால் குறைவு. இந்த ஐந்தில் எவையேனும் மூன்று சேர்ந்தால் அதுதான் மெட்டபாலிக் சிண்ட்ரோம். இவற்றின் அடியில் பெரும்பாலும் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு. இன்சுலின் சுரக்கும், ஆனால் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைக் கேட்காது.

சரி, இதற்கு மூலிகை உதவுமா? சில உதவும், ஓரளவுக்கு. அதைவிட முக்கியமான கேள்வி, அந்த மூலிகை உடம்பில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதுதான்.

வெந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஊறவைத்ததும் வரும் அந்த வழவழப்பு, கேலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. அது ரத்தத்துக்குள் போவதே இல்லை. குடலில் கூழாகி நின்று, மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகச் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. சாப்பிட்டதும் சர்க்கரை விறுவிறுவென்று ஏறாது. கூடவே பித்த அமிலங்களையும் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்ததை மறுபடி தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்குகிறது. இசப்கோல் உமியும் இதே வழியில்தான் உதவுகிறது. விதையை எறிந்துவிட்டு ஊறிய தண்ணீரை மட்டும் குடித்தால் நாரில் பெரும்பகுதி வீண்.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் கதை வேறு. அது செல்லுக்குள் நுழைந்து மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியைச் சற்றே தடுக்கிறது. ஆற்றல் குறைந்ததை உணர்ந்து ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது குறைகிறது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையும் கிட்டத்தட்ட இந்தப் பாதையில்தான் போகிறது. அந்த மாத்திரைக்கும் மூலம் ஒரு செடிதான்: காலேகா அஃபிசினாலிஸ். அதிலிருந்த காலேகின் என்ற பொருளைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகளின் பயனாக, 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினை நீரிழிவு மருந்தாக அறிமுகப்படுத்தினார்.

ஆகவே செல்லுக்குள் போகும் மூலிகையை மருந்தாகவே நடத்த வேண்டும். பெர்பெரின், மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளையும் தடுப்பதால் வேறு மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் ஏறலாம். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. சிவப்பு ஈஸ்ட் அரிசி இன்னும் தெளிவான உதாரணம். அது மூலிகை இல்லை, பூஞ்சை வளர்த்த அரிசி. ஆனாலும் இயற்கை மருந்து என்றே விற்கப்படுகிறது. அதிலுள்ள மொனாகோலின் கே, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் ஒரே வகை மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறார். தசைவலியும் தசைச் சிதைவும் வரும் ஆபத்து கூடுகிறது. மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைச் சொல்லும்போது இவற்றின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.