இல்லாத பீடியைப் பற்றவைக்கும் மூளை

1676-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஜேம்ஸ்டவுனில், ஆளுநருக்கு எதிராக எழுந்த பேக்கன் கலகத்தை அடக்க வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சிலர் ஒரு செடியின் இளந்தழையைக் கீரை என்று வேகவைத்துத் தின்றார்கள். ஒருவர் இறகை ஊதி ஊதிப் பறக்கவிட, இன்னொருவர் ஆவேசமாக அதன்மேல் வைக்கோலை எறிந்துகொண்டிருந்தார். மற்றொருவர் அம்மணமாக மூலையில் உட்கார்ந்து குரங்குபோல் இளித்தார். 11 நாள் கழித்துத் தெளிந்தபோது எவருக்கும் எதுவும் நினைவில்லை என்று 1705-இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் பெவர்லி எழுதிவைத்திருக்கிறார்.

அந்தச் செடி, சிவனுக்குச் சூட்டுகிறோமே, அந்த ஊமத்தையின் நெருங்கிய சொந்தம். இரண்டிலும் இருப்பவை அட்ரோபின், ஸ்கோபோலமின் வகை நஞ்சுகள். மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி கடத்தும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். அது உட்கார வேண்டிய இருக்கைகளான மஸ்கரினிக் ஏற்பிகளில் இவை முந்திப்போய் உட்கார்ந்துகொள்கின்றன. தாமும் வேலை பார்ப்பதில்லை, அதற்கும் இடம் விடுவதில்லை.

ஒன்றில் கவனம் வைப்பது, புதிதாக நடப்பதை நினைவில் பதிப்பது இரண்டுக்கும் அசிட்டைல்கோலின் வேண்டும். அது முடங்கினால் வெளியே நடப்பது எது, உள்ளே தோன்றுவது எது என்ற பிரிவே கலைந்துவிடும். எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்றம் காட்டும் போதைப்பொருளை எடுத்தவர் பெரும்பாலும் 'இது மருந்தின் வேலை' என்று உணர்ந்திருப்பார். இந்த நஞ்சு தரும் டெலிரியத்தில், அதாவது புத்தி தடுமாறிய நிலையில், இருப்பவருக்கு அந்த உணர்வே இராது. இல்லாத பீடியைப் பற்றவைத்து இழுப்பார், வராத அத்தையோடு சண்டை போடுவார், காற்றில் நூல் பிடுங்குவார். இதைப் போதை என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஜன்னி கண்டவர் நிலைதான் இது.

உடம்பும் சாட்சி சொல்லும். கண்மணி விரியும், நாக்கு வறளும், சிறுநீர் அடைபடும். வியர்வை நின்றுபோவதால் காய்ச்சல் ஏறும். அதனால்தான் மருத்துவர் அக்குளைத் தொட்டுப் பார்க்கிறார். ஆம்பெட்டமைன் போன்ற ஊக்கமூட்டும் போதைப்பொருட்களை எடுத்துப் படபடப்போடு வருபவருக்கு அது நனைந்திருக்கும், இவருக்கோ காய்ந்துகிடக்கும்.

இந்த நஞ்சை முறிக்கும் மருந்தும் ஒரு விதையிலிருந்துதான் வந்தது, அதுவும் நச்சு விதை: மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரை. அதிலுள்ள ஃபைசோஸ்டிக்மின், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும். சிதையாமல் சேரும் அசிட்டைல்கோலின் நஞ்சை நெருக்கித் தள்ளிவிடும். இதயத்துடிப்பைக் கவனித்தபடி, மருத்துவமனையில் மட்டுமே கொடுப்பார்கள்.

ஊமத்தையைத் தொடாதவருக்கும் இது வரலாம். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் மாத்திரைகளும் இதே ஏற்பிகளை ஓரளவு அடைப்பவை. வயதானவர்களின் மூளையில் அசிட்டைல்கோலின் இருப்பு ஏற்கெனவே குறைவு. தாத்தா திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், புதிதாகச் சேர்ந்த மாத்திரை எது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.