கடலில் எரிவாயு கிடைத்தால் டெல்டாவுக்கு என்ன கிடைக்கும்?

நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் நிலம், இழப்பீடு தொடர்பான வழக்குகளை நடத்துகிறேன். கடலில் எரிவாயு இருக்கிறதாம் என்று பேப்பரில் செய்தி வந்துவிட்டால், என்னைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "ஊருக்குப் பணம் வருமா, சார்?" "நம்ம வயலுக்கு ஏதாவது ஆகுமா?" முதல் கேள்விக்கு என் பதில் பலருக்கு ஏமாற்றம் தரும். இரண்டாவது கொஞ்சம் சிக்கலானது. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஊரில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் நல்லது.

பணத்தை முதலில் பார்ப்போம். நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று வயல்களுக்கு நடுவே எடுக்கிற எண்ணெய்க்கும் வாயுவுக்கும் ராயல்டி, அதாவது எடுக்கிற நிறுவனம் கட்டுகிற உரிமைத் தொகை, மாநில அரசுக்குப் போகிறது. அதே பொருள் கடலுக்கு அடியில் கிடைத்தால் நிலைமை வேறு. கரையை ஒட்டிய 12 கடல் மைலானாலும், அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரையானாலும், கடலடி வளம் முழுவதும் ஒன்றிய அரசுக்கே உரியது என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 297ஆம் பிரிவு. தரங்கம்பாடிக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கிணறு போட்டாலும் ராயல்டி டில்லிக்குத்தான்.

அந்த ராயல்டியும் குறைவு. 2016இல் வந்த உரிமக் கொள்கைப்படி நிலத்தில் எடுக்கும் எரிவாயுவுக்கு 10 சதவீதம், ஆழம் குறைந்த கடலில் 7.5 சதவீதம். ஆழ்கடலில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு ராயல்டியே கிடையாது, அதற்கப்புறம் 5 சதவீதம்; மிக ஆழத்தில் 2 சதவீதம். சரி, டில்லிக்குப் போனது, மாநிலங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிற நிதிக்குழு வழியாகத் திரும்பி வராதா என்று படித்தவர்கள் கேட்பார்கள். வராது. மாநிலங்களோடு பங்கிடுவது வரி வருவாயை மட்டும்தான். ராயல்டி வரி அல்ல. வரியில் மாநிலங்களுக்குத் தருகிற 41 சதவீதக் கணக்கில் அது சேர்வதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது. நிலக்கரி, இரும்புத் தாது வெட்டுகிற மாவட்டங்களுக்கு 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒரு நிதி உண்டு. குவாரி நடக்கிற மாவட்டங்களுக்குக்கூட உண்டு. பாதிக்கப்பட்ட ஊரின் குடிநீருக்கும் பள்ளிக்கும் அதிலிருந்து செலவு செய்யலாம். ஆனால் எண்ணெயும் எரிவாயுவும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நம் தொகுதி எம்.பி.க்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் நாடாளுமன்றத்தில் இந்த ஒரு திருத்தத்தைக் கேட்க வேண்டும். கடலில் எடுக்கும் வாயுவில் ஒரு பங்கு கரையோர மாவட்டத்துக்கு என்று சட்டத்தில் எழுதாதவரை, பங்கு கேட்டு நாம் நீட்டுகிற மனு எல்லாமே தயவு கேட்பதாகத்தான் இருக்கும்.

மாநிலத்துக்கு வரக்கூடியது ஒன்று உண்டு, விற்பனை வரி. எரிவாயு இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. ஆகவே குழாய் எந்தக் கரையில் ஏறுகிறது, வாயு எங்கே விற்பனையாகிறது என்பது முக்கியம். நம் கடற்கரையின் நடுவில் காரைக்கால் இருக்கிறது, அது புதுச்சேரி அரசின் கீழ் வருகிறது. சில கிலோமீட்டர் வடக்கே தெற்கே நகர்ந்தாலே வரி போய்ச் சேருகிற கஜானா மாறலாம். குழாய் கரையேறும் இடத்தைப் பற்றிய அரசியல் பேரம் பொதுமக்கள் காதுக்கு எட்டாமலேயே நடந்து முடிந்துவிடும் ஆபத்து இதனால்தான்.

அடுத்து, 'கண்டுபிடிப்பு' என்ற செய்திக்கும் உற்பத்திக்கும் உள்ள தூரம். நம் கடலிலேயே பி.ஒய்.1 என்ற எரிவாயு வயலிலிருந்து 2009இல் வாயு எடுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைபெருமாள்நல்லூரில்தான் அது கரையேறியது. எதிர்பார்த்த அளவு வரவில்லை, சில ஆண்டுகளிலேயே உற்பத்தி சரிந்துவிட்டது. பக்கத்தில் மன்னார்ப் படுகையில் இலங்கை 2011இல் எரிவாயு கண்டது. அது இன்னும் கடலடியிலேயே கிடக்கிறது. ஆந்திரக் கடலில் இருக்கிற கிருஷ்ணா கோதாவரி டி6 என்ற எரிவாயு வயல் இன்னும் பெரிய பாடம். 2002இல் கண்டுபிடித்து 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. நாளைக்கு 8 கோடி கனமீட்டர் வரும் என்றார்கள். 2010இல் 6 கோடியைத் தொட்டது, பிறகு வேகமாக விழுந்தது. அந்த வாயுவை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய மின் நிலையங்கள் ஓடாமல் நின்றன. வங்கிகளின் வாராக்கடன் பட்டியலில் அவையும் சேர்ந்தன. 2020க்குப் பிறகு புதிய கிணறுகள் சேர்ந்துதான் உற்பத்தி மீண்டது.

அதனால் செய்தியைப் பார்த்துவிட்டு வயலை மனையாகப் போட்டு விற்காதீர்கள், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். வதந்தியை வைத்து நிலம் வாங்குகிறவர் எரிவாயு வராவிட்டாலும் பிழைத்துக்கொள்வார். விற்றவர்தான் கூலிக்குப் போவார்.

ஒரு நாட்டையே இது என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் நிறைய உண்டு. நெதர்லாந்தில் 1959இல் குரோனிங்கனில் பெரும் வாயு வயல் கிடைத்தது. ஏற்றுமதிப் பணம் குவிந்து நாணய மதிப்பு ஏற, மற்றத் தொழிற்சாலைகள் வெளிச்சந்தையில் விற்க முடியாமல் நலிந்தன. 'டச்சு நோய்' என்று பொருளாதாரத்தில் சொல்வது இதைத்தான். மொசாம்பிக்கில் 2010இல் கடலில் வாயு கிடைத்தது. அது கரைக்கு வருவதற்கு முன்பே சுமார் 200 கோடி டாலர் கடனை அரசு நிறுவனங்கள் ரகசியமாக வாங்கியிருந்தது 2016இல் அம்பலமாகி, பொருளாதாரம் ஆட்டம் கண்டது. வாயு கிடைத்த காபோ டெல்காடோ மாகாணம் 2017 முதல் ஆயுதக் கலவரத்தில் சிக்கிக் கிடக்கிறது. நார்வே மட்டும் 1990இல் தனி நிதியம் அமைத்து, அசலைத் தொடாமல் அதன் வருமான அளவுக்குள் செலவு செய்கிறது. இந்தியா மாதிரிப் பெரிய நாட்டின் ரூபாயை நம் கடல் வாயு அசைக்கப் போவதில்லை. ஆனால் வருவதற்கு முன்பே செலவு செய்வதும், யாருக்கு எவ்வளவு என்று மறைத்து வைப்பதும் ஒரு ஊராட்சி ஒன்றிய அளவில்கூட நடக்கும்.

இனி வயல். 2020இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. மீத்தேன் எதிர்ப்பு, நெடுவாசல், கதிராமங்கலம் என்று மக்கள் தெருவில் நின்றதால் கிடைத்த சட்டம் அது. அதை மதிக்கிறேன். ஆனால் சில விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். அது கடலுக்குப் பொருந்தாது. காரைக்காலுக்கும் பொருந்தாது. மண்டலத்துக்குள்ளேயும் துறைமுகம், குழாய்ப் பாதை, சாலை போன்ற உள்கட்டமைப்புப் பணிகளை அது தடுக்கவில்லை. கடலில் எடுக்கிற வாயு நம் வயல் வழியாகப் போவதற்கு வழி திறந்தேதான் இருக்கிறது.

குழாய் பதிக்க 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் போதும். நிலம் உங்கள் பேரில்தான் இருக்கும், பட்டா மாறாது. பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் சாகுபடி செய்யலாம். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறோ குளமோ வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. இதற்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதோடு பயிருக்கும் மரத்துக்கும் ஆன சேதம். அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் பொக்லைன் வயலில் இறங்கிய பிறகுதான் வருகிறார்கள். அப்போது பாதையை மாற்றச் சொல்ல முடியாது, தொகையைப் பற்றி மட்டும்தான் வாதாட முடியும்.

கோயில் நிலம், மடத்து நிலம் பயிரிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் இருந்தால் பயிர்ச் சேதம்கூட வேறொருவர் பேரில் போய்விடும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில், அதாவது பயிர்க் கணக்கில், யார் பேர் இருக்கிறது என்று இந்தப் பருவத்திலேயே பாருங்கள்.

மீனவர்களுக்குக் காட்ட இந்தப் பட்டாவும் கிடையாது. முதலில் ஆய்வுக் கப்பல் வரும், பின்னால் கிலோமீட்டர் கணக்கில் கேபிள் இழுத்துக்கொண்டு. அந்த நாட்களில் அந்தப் பக்கம் வலை விட முடியாது. வாயு எடுக்கிற மேடை கடலில் அமைந்துவிட்டால் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் வைக்கச் சர்வதேசச் சட்டம் அனுமதிக்கிறது. கசிவு பயம் தனி. 2023 மார்ச்சில் நாகூர்ப் பட்டினச்சேரிக் கடலில் எண்ணெய்க் குழாய் உடைந்து கரையெல்லாம் கறுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கோதாவரிக் கடலோரத்தில் எரிவாயுப் பணிகளால் தொழில் கெட்ட குடும்பங்களுக்கு மாதக்கணக்கு வைத்து இழப்பீடு கொடுத்தார்கள். அதை முன்னுதாரணமாகக் காட்டி இங்கேயும் கேட்கலாம். தகராறு வருவது தொகையில் இல்லை, பட்டியலில். படகு உரிமையாளர் பெயர் ஏறிவிடும். அவரோடு பங்குக்குப் போகிற ஆட்கள், கூடை சுமந்து மீன் விற்கிற பெண்கள், கருவாடு காயப்போடுகிறவர்கள் விட்டுப்போவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் இன்றைக்கே வீடு வீடாக ஒரு தொழில் பட்டியல் எடுத்து, மீனவர் நல வாரிய அட்டை எண்ணோடு கிராம சபைத் தீர்மானத்தில் ஏற்றி வைக்கட்டும். பெண்கள் பேரை முதலில் எழுதுங்கள்.

கடைசியாக, திட்டத்தைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம். 2020 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தியதால், தேடுதல் கிணறுகளுக்கு இந்தக் கூட்டம் தேவையில்லை. வாயு கிடைத்து உற்பத்திக்குப் போகும்போதுதான் கூட்டம் உண்டு. நம் மாவட்டங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், காரைக்காலுக்குப் புதுச்சேரியின் குழு நடத்தும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழில் கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கிடைக்க வேண்டும். குழாய் எந்த சர்வே எண்கள் வழியாகப் போகிறது, கசிந்தால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நாளில் இழப்பீடு என்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.