மருந்தா, காய்ச்சலா? பச்சிளம் குடலும் வளரும் மூளையும்

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சூடோவின் குழு 2004-ல் வெளியிட்ட எலிச் சோதனை இது. ஒரு கிருமிகூட அண்டாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளையும், வழக்கமான குடல் பாக்டீரியாக்களுடன் வளர்ந்த எலிகளையும் அசைய முடியாதபடி சற்று நேரம் அடைத்து வைத்தார்கள். கிருமியில்லா எலிகளின் ரத்தத்தில்தான் பதற்ற ஹார்மோன்கள் எகிறின. பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை அவற்றின் குடலில் குடியேற்றியதும் பதற்றம் இறங்கியது. சாதாரண எலிகளின் கழிவைக் கொடுத்தும் பார்த்தார்கள். சின்ன வயதில் கொடுத்தபோது ஓரளவு சரியானது, தாமதமாகக் கொடுத்தபோது பலனே இல்லை.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு இருப்பது மட்டுமல்ல, அதற்கு ஒரு பருவமும் உண்டு என்று காட்டியதால்தான் இந்தச் சோதனை பேசப்பட்டது.

மனிதக் குழந்தையிடம் வருவோம். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடி அதிகமாக இருக்கும் திடப்பொருள் ஒரு வகைச் சிக்கலான சர்க்கரை. அதைக் குழந்தையால் செரிக்க முடியாது. அப்புறம் எதற்கு அது பாலில்? பிஃபிடோபாக்டீரியத்துக்குத்தான் சாப்பாடு. அந்தச் சர்க்கரையைத் தின்று அவை அசிட்டேட் போன்ற சிறு அமிலங்களை வெளியிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கிறது.

மூளையில் மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்பு செல்கள் உண்டு. வளரும் மூளையில் தேவைக்கு அதிகமாக முளைக்கும் நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடுவதும் இவற்றின் வேலை. கிருமியில்லா எலிகளில் இந்த செல்கள் முதிராமலே இருப்பதை ஜெர்மனியின் ஃபிரைபர்க் ஆய்வாளர்கள் 2015-ல் கண்டார்கள். குடிநீரில் அந்தச் சிறு அமிலங்களைக் கலந்து கொடுத்ததும் பெரும்பாலும் சரியாகிவிட்டன. பாக்டீரியாவே வேண்டாம், அதன் சரக்கு போதும்!

(மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, ஆகவே மகிழ்ச்சி வயிற்றிலிருந்து வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிவிட வேண்டாம். குடல் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை அது தூண்டக்கூடும், அது வேறு கதை.)

ஆன்டிபயாடிக் இந்த ஏற்பாட்டுக்குள் புகுந்தால்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு, தாய் எலியின் கர்ப்பக் கடைசி வாரத்திலிருந்து குட்டிகள் பால்குடி மறக்கும்வரை குறைந்த அளவு பெனிசிலின் கொடுத்தது. வளர்ந்த குட்டிகள் மற்ற எலிகளோடு பழகுவது குறைந்தது, சண்டை கூடியது. கூடவே லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாவின் ஒரு வகையைக் கொடுத்தபோது பாதிப்பு சற்று தணிந்தது. 2017-ல் வெளியான ஆய்வு இது.

எலிக்குச் சரி, பிள்ளைக்கு? அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 14,572 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை அலசி 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்குள் ஆன்டிபயாடிக் வாங்கியவர்கள் சுமார் 70 சதவீதம். அவர்களிடம் ஆஸ்துமா, உடல்பருமன், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவை கூடுதலாகத் தெரிந்தன.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மழை நாளில் தெருவெல்லாம் குடை, அதற்காகக் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்போமா? அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தைக்குத்தான் மருந்தும் அதிகம். கோளாறு மருந்தால் வந்ததா, தொற்றால் வந்ததா, குடும்பத்தில் ஓடும் மரபணுவாலா?

அதற்காகவே நெதர்லாந்து, ஸ்வீடன் ஆய்வாளர்கள் இரட்டையர்களை எடுத்துக்கொண்டார்கள். வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது ஆன்டிபயாடிக்குக்கும் கவனக்குறைவு, ஆட்டிசம் கோளாறுகளுக்கும் லேசான தொடர்பு தெரிந்தது. ஒரே வீட்டு இரட்டையரில் மருந்து வாங்கியவரையும் வாங்காதவரையும் ஒப்பிட்டபோது அது மறைந்துபோனது.

என் கணக்கில் இந்த இரட்டையர் ஆய்வுக்குத்தான் எடை அதிகம். ஆனாலும் கோளாறு என்று மருத்துவர் எழுதிக்கொடுப்பது பெரிய ஓட்டைகள் உள்ள வலை மாதிரி. அதில் சிக்காத சின்ன மாற்றங்கள் இருக்கலாம். அமெரிக்காவில் 89 குழந்தைகளின் குடல் பாக்டீரியாவை ஒரு வயதிலும் அறிவுத்திறனை இரண்டு வயதிலும் அளந்தபோது இரண்டுக்கும் தொடர்பு தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், பாக்டீரியா வகைகள் அதிகம் இருந்த குழந்தைகளின் மதிப்பெண் குறைவாக இருந்தது! வகை கூடினால் நல்லது என்ற பொது நம்பிக்கைக்கு நேர் எதிர்.

பிறந்த சிசுவுக்கு ரத்தத்தில் தொற்று என்றால் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி தாமதமில்லாமல் போட்டாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. எப்போது நிறுத்துவது என்பதில்தான் இப்போது கவனம். நான்கு நாடுகளில் 1,710 சிசுக்களிடம் நடந்த சோதனையில், தொற்று இருந்தால் ரத்தத்தில் கூடும் புரோகால்சிட்டோனின் என்ற பொருளின் அளவைப் பார்த்து நிறுத்தியதில் மருந்து கொடுக்கும் காலம் 65 மணி நேரத்திலிருந்து சுமார் 55 ஆகக் குறைந்தது.