எடை குறைப்பு மாத்திரை: டப்பாவில் இருக்கும் நம்பர் எதற்கு, ஏமாந்தால் எங்கே போவது

மாத்திரை சாப்பிட்டதும் நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை. விற்றவரிடம் கேட்டால், "உடம்புல இருக்கிற கழிவு வெளியேறுது மேடம், பயப்படாதீங்க" என்கிறார். இப்படி வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். புகார் கொடுக்கப் போன இடத்தில் அவர்கள் பட்ட பாடு அதைவிட மோசம். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் "இது மருந்தே இல்லை, உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போங்க" என்பார்கள். அங்கே "மூலிகைன்னு போட்டிருக்கே, எங்களுக்கு வராது" என்பார்கள். மூன்றாவது இடத்தில் அதிகாரி சீட்டில் இருக்க மாட்டார்.

அதனால் முதலில் டப்பாவைத் திருப்பி, அது எந்த வகை என்று பாருங்கள். ஓர்லிஸ்டாட் போன்ற அலோபதி மருந்து என்றால் மருந்து உற்பத்தி உரிம எண்ணும், டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சித்தா, ஆயுர்வேத மருந்து என்று அச்சிட்டிருந்தால் இந்திய மருத்துவத் துறையின் உரிம அதிகாரி. சென்னை அரும்பாக்கத்தில் அலுவலகம். 'ஹெல்த் சப்ளிமெண்ட்' என்றும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றும் போட்டிருந்தால் அது சட்டப்படி உணவு. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் போக வேண்டும். விளம்பரத்தில் 'மருந்து' என்று கூவி விற்கும் பெரும்பாலான டப்பாக்கள் இந்தக் கடைசி ரகம்தான்.

பலரும் விழுவது டப்பாவில் இருக்கும் அந்த 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணில்தான். "கவர்மெண்ட் அப்ரூவ் பண்ணின மாத்திரை" என்று காட்டுவார்கள். அந்த எண் தயாரிப்பவருக்குக் கொடுத்த உரிமம். இதைச் சாப்பிட்டால் எடை குறையும் என்று எந்த அதிகாரியும் அதில் சான்று தரவில்லை. ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ முத்திரை எல்லாமும் அப்படித்தான். எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, என்ன பொருள் தயாரிக்க உரிமம் என்பதெல்லாம் டப்பாவோடு ஒத்துப்போக வேண்டும். நான் கையில் வாங்கிப் பார்த்த ஒரு டப்பாவில் தயாரிப்பாளர் முகவரிக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர். நகத்தால் கீறிப் பார்த்தால் அடியில் வேறு ஊர், வேறு காலாவதித் தேதி. எண் 2-இல் தொடங்கினால் அது சின்ன வியாபாரிகளுக்கான வெறும் பதிவு. சப்ளிமெண்ட் தயாரிக்க மத்திய உரிமம் வேண்டும், அது 1-இல் தொடங்கும்.

சரி, வேலை செய்யுமா? நன்றாக ஆராயப்பட்ட ஓர்லிஸ்டாட்டே, உணவுக் கட்டுப்பாட்டோடு ஒரு வருடம் சாப்பிட்டால், வெறும் கட்டுப்பாட்டைவிடச் சராசரியாக 3 கிலோ அளவுக்குத்தான் கூடுதலாகக் குறைக்கிறது. அப்படியிருக்க, ஒரு மாதத்தில் பத்து கிலோ என்பவர் பொய் சொல்கிறார். மூலிகை என்று எழுதிய மாத்திரையில் பசியே அடங்கிப்போய், வாய் வறண்டு, படபடப்பு வந்தால் சிபுட்ராமின் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து அது. உலகெங்கும் 'இயற்கை' மாத்திரைகளில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. உடனே நிறுத்திவிட்டு, டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை ஓபி சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

கலப்படச் சந்தேகம் என்றால் ஒரே மனுவை உணவுப் பாதுகாப்பு, மருந்துக் கட்டுப்பாடு இரண்டுக்கும் கொடுங்கள். இரண்டுக்கும் கொடுத்திருப்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். "அங்கே போங்க" என்று தள்ளிவிடும் வழி அடைபடும். "சாம்பிள் நாங்க எடுத்தாத்தான் செல்லும்" என்பார்கள். பணம் கட்டிப் பரிசோதனை அறிக்கை பெற வாங்கியவருக்கே உரிமை உண்டு: மருந்து என்றால் 1940 மருந்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, உணவு என்றால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. பிரிவு எண்ணை மனுவில் எழுதுங்கள். பேச்சின் தொனியே மாறிவிடும். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேருங்கள். உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டப்படியே குற்றம்.

அப்புறம் பணம். "சீல் உடைச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்பதைக் கேட்டுப் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கேஷ் ஆன் டெலிவரியில் வந்திருந்தால் கூரியர் கவரைக் கிழித்துப் போடாதீர்கள். விற்றவரின் முகவரி பல நேரம் அதில் மட்டும்தான் இருக்கும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதியலாம், ஆனால் அது கோர்ட் இல்லை. நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும், அவ்வளவுதான். அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். ஆணையம் லேபுக்கு அனுப்பச் சொன்னால் கொடுக்க, பிரிக்காத டப்பா அல்லது அட்டை ஒன்றாவது கையில் இருக்கட்டும். கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

துறைகளிடமிருந்து ஒரு மாதம் ஆகியும் சத்தமே இல்லையென்றால், பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். 'என் மனு இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று மட்டும் கேளுங்கள்.