ஏக்கருக்கு 4,000 ரூபாய்: தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம் தருவதும் தராததும்

ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இன்றிச் சாகுபடி செய்ய முன்வரும் உழவர்களுக்கான தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025-26 வரையிலான காலத்துக்கு இதன் மதிப்பீடு 2,481 கோடி ரூபாய். அதில் 1,584 கோடி மத்திய அரசின் பங்கு, 897 கோடி மாநிலங்களின் பங்கு.

விருப்பமுள்ள உழவர் எவரும், எந்த ஊரிலிருந்தும் தனியாக விண்ணப்பித்துச் சேரும் திட்டம் அன்று இது. ஏறத்தாழ 50 ஹெக்டேர் நிலமும் 125 உழவர்களும் கொண்ட தொகுப்பே இதன் அடிப்படை. நாடு முழுவதும் 15,000 தொகுப்புகளில் 7.5 லட்சம் ஹெக்டேரைக் கொண்டுவருவது இலக்கு. இயற்கை வேளாண்மை ஏற்கெனவே ஓரளவு நடைபெறும் ஊர்களுக்கும், மகளிர் குழுக்களோ கூட்டுறவுச் சங்கங்களோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோ இயங்கும் பகுதிகளுக்கும் முன்னுரிமை உண்டு. எனவே வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குச் செல்பவர், தம் ஊராட்சி எந்தத் தொகுப்பிலாவது இருக்கிறதா, இப்போது சேர்க்கை உண்டா என்று கேட்டறிந்த பிறகு ஆவணங்களைத் திரட்டுவது நல்லது.

ஊக்கத்தொகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படும். ஓர் உழவருக்கு ஓர் ஏக்கர் வரை மட்டுமே என்பதால், ஒருவர் பெறக்கூடியது அதிகபட்சம் 8,000 ரூபாய். கால்நடைப் பராமரிப்பு, இடுபொருள் தயாரிப்பு போன்ற செலவுகளுக்கு உதவும் இத்தொகையை விளைச்சல் இழப்புக்கான ஈடாகக் கருதக் கூடாது. பல ஆண்டுகள் யூரியா இட்டுப் பழகிய நஞ்சையில் மாறுதலின் தொடக்கத்தில் மகசூல் குறையக்கூடும் என்பதால், முழு நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்றாமல் ஓர் ஏக்கரில் தொடங்குவதே விவேகம்.

பணத்தைவிடப் பயன்மிக்கது, 10,000 உயிரி இடுபொருள் வள மையங்களை அமைக்கும் ஏற்பாடு என்பது என் கருத்து. பயிருக்கு ஊட்டமாக இடும் சாணக் கரைசலே ஜீவாமிர்தம்; ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண் ஆகியவற்றைக் கலந்து இரண்டு நாள் நொதிக்க விடுவார்கள். செய்முறை எளிதுதான். ஆனால், டிராக்டர் வந்தபின் மாடு இல்லாத வீடுகள் பெருகிவிட்ட நிலையில், சாணத்துக்கு எங்கே போவது? அத்தகைய உழவர்கள் பக்கத்திலேயே ஆயத்த இடுபொருளை வாங்கிக்கொள்வதற்கே இம்மையங்கள்.

கரைசல்கள் மட்டுமே இயற்கை வேளாண்மை ஆகிவிடா. மண்ணை இலைதழையால் மூடும் மூடாக்கு, ஊடுபயிர், பயிர்ச் சுழற்சி, வரப்புப் பயிர் ஆகியவை சேர்ந்தால்தான் மண்ணின் அங்ககச் சத்து உயரும், பூச்சிகளின் எதிரிகளும் வயலில் தங்கும். இவற்றைக் கற்றுத்தர வேளாண் அறிவியல் நிலையங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், உழவர் வயல்கள் ஆகியவற்றில் 2,000 மாதிரிப் பண்ணைகளும், ஊரளவில் வழிகாட்ட 'கிருஷி சகி' எனப்படும் பெண் வழிகாட்டிகள் உள்ளிட்ட 30,000 களப்பணியாளர்களும் திட்டத்தில் உண்டு.

விளைபொருளை இயற்கை விளைச்சல் என்று சொல்லி விற்பதற்கு எளிய சான்றளிப்பு முறையும் வகுக்கப்பட்டுள்ளது. உழவர்கள் குழுவாக ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதிசெய்யும் பங்கேற்பு உத்தரவாதச் சான்றிதழ் உள்நாட்டுச் சந்தையில் மட்டுமே செல்லுபடியாகும். அங்கக (ஆர்கானிக்) விளைபொருளாக ஏற்றுமதி செய்ய விரும்புவோர் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்திடம் தனியே பதிவு செய்ய வேண்டும்.