ரீடிங் ஓடினால் செய்மதியைக் குறை சொல்லாதீர்கள்

சிறுபோக அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் நில அளவைக்காரருக்கு வேலை குவியும். கூடவே இந்தத் தலையிடியும் வரும். சம்மாந்துறைப் பக்கம் ஒரு எல்லை. பொழுதுபட்ட பிறகு ரோவரால், அதாவது கையில் கொண்டு நடக்கும் ஜிபிஎஸ் அளவைக் கருவியால், அளந்து, கல்லும் நட்டுவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கல் வரம்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, இரண்டு வயல்காரப் போடிமாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அளந்த தம்பியைக் கேட்டேன். "சூரியப் புயலாம் சேர். பிளாஸ்மா இழுத்து செய்மதி கீழ இறங்கிட்டுதாம்" என்றார்.

இதே கதையை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! தயவுசெய்து இதை விடுங்கள்.

இழுவை உண்மைதான், ஆனால் அது தாழ்வாகச் சுற்றும் செய்மதிகளின் பிரச்சினை. சில நூறு கிலோமீற்றர் உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. சூரியப் புயலில் அது சூடாகி மேலே பரவும். 2022 பெப்ரவரியில் சுமார் 210 கிலோமீற்றர் உயரத்தில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 40 வரை அப்படித்தான் போயின. 2019 இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட நம் இலங்கையின் இராவணா-1 செய்மதியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 2021 இல் எரிந்தது. பிளாஸ்மாவுக்கும், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவுக்கும், இதில் பங்கு உண்டு: செய்மதியின் உடலில் மறையேற்றம் சேர, பக்கத்தால் போகும் நேர் அயன்கள் வளைந்து அதன் வேகத்தில் சிறிது பறிக்கும். ஆனால் 300 கிலோமீற்றரளவில் ஏற்றமற்ற துணிக்கைகள் அயன்களைவிட ஆயிரம் மடங்களவு அதிகம், ஆகவே பெரும் இழுவை காற்றினுடையது.

ஜிபிஎஸ் செய்மதி இருப்பது 20,200 கிலோமீற்றரில். அங்கே இழுக்கக் காற்றே இல்லை. சூரிய ஒளியின் அழுத்தம்தான் அதைக் கூடுதலாகத் தள்ளுகிறது, அதையும் தரை நிலையங்கள் கணக்கிட்டுத் திருத்துகின்றன.

கெடுவது சிக்னல் வரும் வழி. புவிக்காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகால் போகிறது. சூரியன் மறைந்ததும் அந்தக் கோட்டை அண்டி, மேல்வானில் பிளாஸ்மா நிறைந்த அயன் மண்டலத்தில், பிளாஸ்மா குறைந்த குமிழிகள் கிளம்பும். அவற்றினூடாக வரும் சிக்னல் துடிக்கும், கருவி துல்லியமான பிக்ஸ் நிலையை இழந்து, துல்லியம் குறைந்த புளோட் நிலைக்குப் போகும். மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், இரவு ஏழு மணி தொடங்கி நடுச்சாமம் வரை இது அதிகம். சூரியப் புயல் எச்சரிக்கை எதுவும் இல்லாத அமைதியான நாளிலும் வரும்.

ஆகவே தம்பிமாரே, அந்த மாதங்களில் பொழுதுபட முன் வேலையை முடியுங்கள். இரட்டை அலைவரிசைக் கருவி அயன் மண்டலத்தால் சிக்னலுக்கு வரும் தாமதத்தைத் திருத்தும், இந்தத் துடிப்பைத் திருத்தாது. அதை நம்பி இருட்டில் இறங்காதீர்கள். பிக்ஸ் என்று காட்டினாலும் தெரிந்த ஒரு புள்ளியில் வைத்துச் சரிபாருங்கள், பிறகு கருவியை மீண்டும் தொடக்கி இரண்டாம் தரம் அளவுங்கள். புளோட்டில் கல் நடவே கூடாது.

காணிக்காரருக்கும் ஒன்று. இருட்டிவிட்டதென்றால் "நாளைக்குக் காலையில் வாங்க மகன்" என்று சொல்லி அனுப்புங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.